மூவிடத்தில் முதுமை

முதுமையைப் பாடும் தமிழ்ப் பாடல்களை எல்லாம் நிலையாமை என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கிவிடுவது நம் வகுப்பறைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். பயிற்சிக் கல்லூரியில் மாணவனாக இருந்தபோது நானும் அவ்வாறே எழுதினேன். ஆசிரியனான பின்னர்ப் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்தேன். இளமை நில்லாது, உடல் அழியும், ஆதலின் அறஞ்செய்க. இம்மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டால் பாடம் முடிந்தது. எந்தப் பாட்டுக்கும் அவை பொருந்தின. எல்லாப் பாட்டுக்கும் ஒன்றுபோற் பொருந்தும் விளக்கம் எந்தப் பாட்டையும் விளக்கவில்லை என்பதை உணர்வதற்கு எனக்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

முதுமையைப் பேசும் நம் பாடல்களை வேறொரு முறையில் பகுத்துப் பார்க்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குப் புதிய கொள்கை எதுவும் வேண்டியதில்லை. தொடக்க வகுப்பில் நாம் கற்பிக்கும் மூவிடமே போதும். தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூன்றில் எந்த இடத்தில் நின்று புலவர் பேசுகிறார் என்று கேட்போமாயின், ஒரே பொருளைப் பாடுவனபோலத் தோன்றும் பாடல்கள் தம்முள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது விளங்கும். அவற்றுள் நாம் எதனை மிகுதியாகக் கற்பித்தோம், எதனைக் கைவிட்டோம் என்பதும் விளங்கும்.

தன்மையிற் கூறியது

புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். பூண் கட்டிய தலையையுடைய பெருங்கோல் என்பது அப்பெயரிலுள்ள தொடரின் பொருள். புலவரின் இயற்பெயர் மறைந்துபோயிற்று. பாட்டில் அவர் தம் ஊன்றுகோலைக் குறித்த தொடரே அவர்க்குப் பெயராய் நின்றுவிட்டது. இளமையில் அவர்க்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நீர்த்துறையில் உடன் ஆடியோர் அப்பெயரைச் சொல்லி அழைத்திருப்பர். அது நமக்குக் கிடைக்கவில்லை. கோல்தான் கிடைத்தது.

பாட்டு 14 அடிகளே கொண்டது. அவற்றுள் முதற் பத்து அடிகள் இளமைக்கு உரியன. மணலிற் பாவை செய்து பூச்சூட்டி விளையாடும் பெண்களோடு குளிர்ந்த பொய்கையிற் கைகோத்து ஆடியதும், ஒளிவுமறைவு அறியாத தோழரோடு திரிந்ததும், நீரை நோக்கித் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறிக் கரையில் நின்றோர் மருளுமாறு ஆழமான நீரிற் குதித்ததும், அடியில் கிடந்த மணலை அள்ளி வந்து காட்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இடையில் முற்றுப்புள்ளிக்கு இடமில்லை. நீருக்குள் சென்ற சிறுவன் மணலோடு மேலே வரும்வரை படிப்பவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அதன் பின்னரே அந்த இளமை இரங்கத்தக்கது, இப்போது எங்கே இருக்கிறதோ என்னும் கேள்வி வருகிறது. இறுதி மூன்றடிகளில் கோலும் நடுக்கமும் இருமலும், இருமலுக்கு இடையே வரும் சில சொற்களும் காட்டப்பெறுகின்றன. அவ்வளவே முதுமைக்குத் தந்த இடம்.

இரண்டு ஓசைகள் இப்பாட்டில் எதிரெதிரே நிற்கின்றன. முன்னது சிறுவன் நீரிற் பாயும் ஓசை. அதனைப் புலவர் ஒலிக்குறிப்பாலேயே கேட்கச் செய்கிறார். பின்னது கிழவரின் இருமல். பூக்கொய்யும் பெண்களோடு பிணைந்த கை, மரக்கிளையைப் பற்றிய கை, ஆற்றடி மணலை அள்ளிய கை, இன்று கோலைப் பற்றி நடுங்குகிறது. உடலின் தளர்ச்சியைச் சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்?

இப்பாட்டுக்குத் திணை துறை வகுத்தோர் இதனைப் பொதுவியல் திணையில் கையறுநிலைத் துறை என்றனர். இளமையில் இக்குறிப்பைப் பாராமலே கடந்து சென்றேன். கையறுநிலையாவது, தலைவனோ வள்ளலோ மாய்ந்தவிடத்து அவனைச் சார்ந்தோர் செயலற்று இரங்குவது. பக்கத்திலுள்ள பாடல்களைப் பாருங்கள். 242ஆம் பாட்டு, ஒல்லையூர்கிழான் மகன் பெருஞ்சாத்தன் மாய்ந்தமைக்கு இரங்கிக் குடவாயிற் கீரத்தனார் பாடியது. 245ஆம் பாட்டு, மனைவியை இழந்த சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை பாடியது. 246ஆம் பாட்டு, பூதப்பாண்டியன் மாய்ந்தபின் தீப்பாயத் துணிந்த அவன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. இத்துணை இறப்புகளுக்கு நடுவே ஒருவரும் இறவாத பாட்டு ஒன்று ஏன் வந்தது?

ஒருவரும் இறவாத பாட்டு என்று நாம் எண்ணுவதே பிழை. அங்கே இறந்தவன் ஒருவன் உளன். மருதமரத்திலிருந்து குதித்த அச்சிறுவன்தான் அவன். அவனுக்காக அழுவதற்கு உரிமையுடையவர் உலகில் ஒருவரே. அவனாக ஒருகாலத்தில் இருந்த கிழவர். துறை வகுத்தவர் ஒரே சொல்லால் இவ்வளவையும் திறனாய்ந்துவிட்டார். அவர் பெயரும் நமக்குத் தெரியாது.

இதுவும் நிலையாமைதானே என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அன்று. நிலையாமை கூறுவோர் இளமையை நம்பத்தகாத பொருள் என்று இகழ்வர். இப்புலவர் இகழவில்லை. தம் இளமையை அறியாப் பருவம் என்ற பொருளில் அழைத்த அடுத்த கணமே அதற்காக இரங்குகிறார். நீரில் ஆடியது மயக்கம் என்றோ, கைகோத்தது பிழை என்றோ அவர் சொல்லவில்லை. அன்று கையில் இருந்த மணல் மெய். இன்று கையில் இருக்கும் கோலும் மெய். இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொண்டு, எவர்க்கும் அறிவுரை கூறாமல் பாட்டை நிறுத்திவிடுகிறார்.

படர்க்கையிற் கண்டது

இரண்டாவது கோல் ஒரு தாயின் கையில் இருக்கிறது. புறநானூற்றின் 159ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் பரிசில் வேண்டுகிறார். வேண்டும்போது தம் வீட்டின் நிலையைக் கூறுகிறார். அவர் தாய் ஆண்டுகள் பல கழிந்தும் உயிர் போகவில்லையே என்று வாழ்வை வெறுத்திருக்கிறாள். கோலைக் காலாகக் கொண்டு அடிமேல் அடியாக நடக்கிறாள். தலைமயிர் நூலை விரித்தாற்போல் வெளுத்துக் கிடக்கிறது. கண் மறைந்துவிட்டது. வீட்டின் முன்றிலுக்கும் அவளாற் செல்ல முடிவதில்லை. அதே வீட்டில் மனைவி குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து, உப்பின்றி வேகவைத்து, மோரும் சோறுமின்றி உண்கிறாள்.

இங்கே முதியவள் தானே பேசவில்லை, மகன் பேசுகிறான். ஆனால் எப்படிப் பேசுகிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். தாயின் முதுமையை அவன் ஆண்டுக் கணக்கால் அளக்கவில்லை, முன்றிலால் அளக்கிறான். நேற்றுவரை முன்றிலுக்கு வந்தவள் இன்று வரவில்லை என்பது, அவள் வருகையை நாளும் பார்த்திருந்தவனுக்கே தெரியும். அவள் சாவை வேண்டுகிறாள் என்பதையும் அவன் மறைக்கவில்லை. அதற்காக அவளைக் கடிந்துகொள்ளவும் இல்லை. அவள் துயரில் ஒரு பங்கு முதுமையால் வந்தது, மற்றொரு பங்கு பசியால் வந்தது என்பதை அவன் அறிவான். முன்னதை நீக்க எவராலும் ஆகாது. பின்னதை நீக்கலாம். அதற்காகவே அவன் குமணன்முன் நிற்கிறான். அங்கும் விருப்பமின்றித் தரும் களிறு வேண்டா, மகிழ்ந்து தந்தால் குன்றியளவு பொருளும் கொள்வேன் என்று நிமிர்ந்தே கூறுகிறான்.

தோட்டத்து லயத்து வீடுகளில் வாசற்படிவரை வந்து திரும்பும் மூதாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மக்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்த பின்னர், முன்றிலே இல்லாத வீடுகளில் நம் முதியோர் பலர் வாழ்கின்றனர். மின்தூக்கி பழுதான நாளில் நான்காம் மாடியில் இருக்கும் தாய்க்கு உலகம் எவ்வளவு பெரிது? இதை அளந்து சொல்வதற்குப் பெருஞ்சித்திரனாரின் கண் வேண்டும். படர்க்கையில் முதுமையைப் பாடுவதற்குத் தகுதி அன்றாடம் பார்த்திருத்தலே.

முன்னிலையில் எச்சரித்தது

மூன்றாவது கோல் நாலடியாரில் இருக்கிறது. இளமை நிலையாமை என்னும் அதிகாரத்தின் முதற் பாட்டிலேயே அது வந்துவிடுகிறது. நரை வரும் என்றுணர்ந்த அறிவுடையோர் இளம்பருவத்திலேயே துறந்தனர். நில்லாத இளமையில் மகிழ்ந்தோர் பின்னர்க் கோலூன்றித் துன்புற்று எழுவர் என்பது அதன் கருத்து. அதே அதிகாரத்தில் மற்றொரு பாட்டு, வேல்போன்ற கண்ணுடையாள் என்று ஒருத்தியை விரும்பாதீர், அவளும் ஒருநாள் கோலே கண்ணாகக் கூனி நடப்பாள் என்று இளைஞரை எச்சரிக்கிறது.

இங்கே பேசுவோன் முதியவன் அல்லன். முதியவளின் மகனும் அல்லன். அறம் உரைப்போன். கேட்போர் இளைஞர். முதுமை அவர்களை அச்சுறுத்துவதற்குரிய கருவியாகிறது. தொடித்தலை விழுத்தண்டினார் கையில் ஊன்றுகோலாக இருந்தது இங்கே ஆசிரியன் கைப் பிரம்பாக மாறிவிடுகிறது. நம் வகுப்பறைகள் இப்பிரம்பையே பெரிதும் விரும்பின என்பதை ஆசிரியனாகிய நானே ஒப்புக்கொள்கிறேன். மதிப்பெண் தருவதற்கு எளிதான பாட்டு இதுவே.

இம்முறையின் குறையை மணிமேகலைக் காப்பியத்திலே தெளிவாகக் காணலாம். காயசண்டிகையின் வடிவு கொண்டிருந்த மணிமேகலை, தன்னை விரும்பித் தொடர்ந்த உதயகுமரனுக்கு நரைத்த மூதாட்டி ஒருத்தியைச் சுட்டிக் காட்டுகிறாள். கூந்தல் தொடங்கி ஒவ்வோர் உறுப்பையும் குறித்து, முன்பு எதனோடு ஒப்பிட்டுப் புகழப்பட்டது, இன்று எவ்வாறு ஆயிற்று என்று அடுக்கிக் கூறுகிறாள். மூதாட்டி அருகில் நிற்கிறாள். அவளுக்குப் பெயர் இல்லை, பேச்சும் இல்லை. தன் உடலைக் காட்டிப் பாடம் நடக்கும்போது அவள் என்ன எண்ணினாள் என்று எவரும் கேட்கவில்லை. பாடம் கேட்ட இளவரசனோ அன்று நள்ளிரவிலேயே காஞ்சனன் வாளால் மாய்கிறான். உனக்கும் முதுமை வரும் என்னும் எச்சரிக்கை அவன் அளவில் பொய்யாயிற்று. அவன் தலையில் ஒரு நரையும் தோன்றவில்லை. சாவு முதுமையின் வழியாகத்தான் வரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பதைச் சாத்தனார் கதையின் போக்கிலேயே காட்டிவிட்டார். ஆயினும் அறிவுரையைக் கற்பிக்கும் நாம் கதையை மறந்துவிடுகிறோம்.

நாலடியாரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அதே இளமை நிலையாமை அதிகாரத்தில் மற்றொரு பாட்டு உண்டு. உடல் தாழ்ந்து, தலை நடுங்கிக் கோலூன்றி நிற்கும் ஒருத்தியைக் காட்டி, இன்று இவள் கையில் இருக்கும் கோல் இவள் தாயின் கையில் இருந்த காலத்தில் இவளும் ஆடவரை மயக்கியவளே என்று அது கூறுகிறது. எச்சரிக்கைக்காகவே புலவர் இதனைச் சொன்னார். எனினும், தாயின் கோல் மகளின் கைக்கு வந்தது என்று கண்ட அக்கணத்தில் அவர் அறவுரையாளர் என்னும் நிலையைச் சற்றே மறந்து அவ்வீட்டுக்குள் சென்றுவிட்டார். நகையும் புடைவையும் போலவே கோலும் ஒரு குடும்பத்தில் வழிவழியாக வரும் உடைமை. இவ்வளவு நுட்பமான செய்தியை நாம் மாணவர்க்கு எடுத்துக் காட்டியதுண்டா?

எம் என்பதும் நம் என்பதும்

இலக்கணத்தை இன்னும் ஒருபடி நெருங்கிப் பார்ப்போம். 243ஆம் பாட்டின் முடிவில் புலவர் தம்மை ஒருமையிற் கூறாமல், பெரிதும் மூத்தவர்களாகிய எமக்கு என்று பன்மையில் முடிக்கிறார். எம் என்பது கேட்போனை உட்கொள்ளாத தன்மைப் பன்மை. மூத்தோராகிய நாங்கள் வேறு, கேட்கும் இளையோராகிய நீங்கள் வேறு என்னும் வேலி அவ்வொரு சொல்லில் இருக்கிறது. நீயும் இப்படி ஆவாய் என்று அவர் சொல்லவில்லை. கேட்போனைத் தம் துன்பத்துக்குள் இழுக்க அவர் விரும்பவில்லை போலும்.

குண்டலகேசி என்னும் பௌத்தக் காப்பியத்தில் இன்று நமக்குக் கிடைப்பவை சில பாடல்களே. அவற்றுள் ஒன்று, ஒருவன் வாழ்வில் குழந்தைப் பருவம் செத்து, இளமை செத்து, முதுமையும் வருகிறது. இவ்வாறு நாள்தோறும் செத்துக்கொண்டிருக்கும் நாம் நமக்காக ஏன் அழுவதில்லை என்று வினவுகிறது. இங்கே சொல் எம் அன்று, நம். கேட்போனையும் உட்கொண்ட உளப்பாட்டுத் தன்மை. சமயக் கருத்தை உரைக்க வந்த பாட்டே ஆயினும், பிரம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்போனோடு ஒரே பாயில் அமர்ந்துகொள்கிறது. கையறுநிலை என்று துறை வகுத்தவர் கண்ட உண்மையையே இதுவும் காண்கிறது. ஒரு பருவம் முடிவதும் ஓர் இறப்பே. குண்டலகேசி கேட்கும் வினாவுக்கு விடை கூறுவார்போல் தொடித்தலை விழுத்தண்டினார் முன்னரே தமக்காக அழுதுவிட்டார்.

அழுகை ஒன்றே முதுமைக்கு உரியது என்றும் கொள்ளவேண்டா. ஆண்டுகள் பல ஆகியும் நரையில்லாதது எவ்வாறு என்று கேட்டவர்க்குப் பிசிராந்தையார் கூறிய விடை புறநானூற்றின் 191ஆம் பாட்டாக உள்ளது. மாண்புடைய மனைவியும் அறிவு நிரம்பிய மக்களும், தாம் கருதியதையே கருதும் ஏவலரும், தீமை செய்யாது காக்கும் அரசனும் அவர்க்கு வாய்த்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, அடங்கிய கொள்கையையுடைய சான்றோர் பலர் அவர் ஊரில் வாழ்ந்தனர். உண்ட மருந்தையோ செய்த பயிற்சியையோ அவர் குறிக்கவில்லை. தம் தலைமயிரின் கருமைக்குத் தம்மைச் சூழ்ந்தோரே காரணம் என்றார்.

இப்பாட்டைச் சான்றோர் வாழும் ஊரின் பெருமை என்று மட்டும் கற்பிக்கிறோம். இவ்விடையைக் கூறியவர் எங்கே சென்றுகொண்டிருந்தார் என்பதைச் சேர்த்துக் கற்பிப்பதில்லை. வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த நண்பன் கோப்பெருஞ்சோழனிடம், தாமும் உடனிருந்து உயிர்விடவே அவர் பாண்டிநாட்டிலிருந்து வந்தார். அவர் வந்த வியப்பைப் பொத்தியாரும், நண்பனோடு சேர்ந்த சிறப்பைக் கண்ணகனாரும் அடுத்தடுத்து 217, 218ஆம் பாடல்களிற் பாடியுள்ளனர். நரையில்லாத தலை சாவைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று அவரும் கருதவில்லை. சாவை அஞ்சாமல் அணுகும் வலிமையைத் தந்தவர்களும் அவர் எண்ணிக் காட்டிய மனிதர்களே என்று கொள்வது பொருந்தும்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

என் கருத்தைச் சுருங்கக் கூறுவேன். முதுமையைத் தன்மையில் உணர்ந்தவன் இரங்குகிறான். படர்க்கையில் பார்த்திருந்தவன் உதவி தேடிச் செல்கிறான். முன்னிலையில் மட்டும் பேசுபவன் எச்சரிக்கிறான். மூன்றும் தமிழிலக்கியத்தின் செல்வமே. ஆனால் மூன்றாவதை மட்டும் கற்பித்து முதலிரண்டை அதனுள் அடக்குவது பாடல்களுக்கும் நீதியன்று, வீட்டில் இருக்கும் பாட்டனார் பாட்டிமாருக்கும் நீதியன்று. உடல் இழிந்தது என்று பள்ளியிற் கற்ற சிறுவன், வீட்டில் இருமும் பாட்டனாரை எந்தக் கண்ணாற் பார்ப்பான்?

ஆதலின் 243ஆம் பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கரும்பலகையில் நிலையாமை என்று எழுதுமுன், மாணவரிடம் ஒரு சிறு வேலையைத் தரலாம். வீட்டிலோ அண்டையிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் சென்று, சிறுவயதில் எங்கே நீந்தினீர்கள், எந்த மரத்தில் ஏறினீர்கள் என்று கேட்டு வரச் செய்யலாம். சென்ற ஆண்டு என் மாணவர்க்கு இவ்வேலையைத் தந்தேன். பால்மரம் சீவிக் காலமெல்லாம் கழித்த ஒரு பெரியவர் தம் முழங்கால் வலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். ஆற்றில் பாலத்தின் மேலிருந்து குதித்ததை அரைமணி நேரம் சொன்னாராம். கேட்டு வந்த மாணவன், அவர் இருமி இருமிச் சொன்னதால்தான் அவ்வளவு நேரம் ஆயிற்று, ஐயா என்றான். பாட்டின் கடைசி மூன்றடிகளுக்கு அதைவிட நல்ல உரை நான் எழுதியதில்லை.

என் தாயார் ஊன்றிய கோல் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இன்னும் சாய்ந்து நிற்கிறது. அதனை எடுக்கும் வேளை எனக்கு இன்னும் வரவில்லை. எனினும் படியேறும்போது கை தானாகவே சுவரைத் தேடுகிறது. இளமையில் இப்பாட்டைப் படித்தபோது எமக்கு என்னும் சொல் என்னை வெளியே நிறுத்தியது. அக்காலத்தில் அது எனக்கு இலக்கணக் குறிப்பு எழுதுவதற்குரிய ஒரு சொல்லாகவே இருந்தது. இன்று வகுப்பில் அப்பாட்டை உரக்கப் படிக்கையில் அச்சொல்லுக்கு வந்ததும் குரல் சற்றே தயங்குகிறது. வேலிக்கு உட்புறம் வந்துவிட்டேன் என்று அறிகிறேன். அங்கே எனக்கு முன்னரே ஒருவர் கோலூன்றி நிற்கிறார். அவர் எனக்கு எந்த அறிவுரையும் கூறவில்லை.